தூண் உச்சியில் ஒரு நட்டு

என் மாமா அலட்சியத்தால் செத்துப்போனார் என்று ரெங்கம் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எண்ணெய் ஆலை கேன்டீனில், கோயில் வாசலில், முடிவெட்டும் கடையில், எங்கே போனாலும் அதே பேச்சு. வீட்டிலேயே ஹெலிகாப்டர் கட்டிப் பறந்த கிறுக்கன், ஒரு நட்டைக்கூட ஒழுங்காக முடுக்கத் தெரியாதவன். இந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவன் நான். காவல் நிலையத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு இரண்டே வார்த்தையில் ஆரம்பித்து வைத்தேன். போன வாரம் அதே காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தாளைக் கேன்டீனில் யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் இங்கேயும் எழுதுகிறேன். எழுதச் சொன்னது அக்கா. தன்னைப் பற்றியும் ஒன்று விடாமல் எழுதச் சொன்னாள்.

முதலில் ஒரு திருத்தம். அது ஹெலிகாப்டர் இல்லை. ஆட்டோஜைரோ. நாங்கள் சுருக்கி ஜைரோ என்போம். ஹெலிகாப்டரில் இஞ்சின்தான் மேலே உள்ள இறக்கையைச் சுழற்றும். ஜைரோவில் பறக்கும்போது மேல் இறக்கைக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தமே கிடையாது. இஞ்சின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு விசிறியால் வண்டியை முன்னால் தள்ளும். வண்டி ஓட ஓட மேல் இறக்கை காற்றுப் பட்டுத் தானாகச் சுற்றும். அந்தச் சுற்றில் வண்டி எழும்பும். நடு வானில் இஞ்சின் நின்றுபோனாலும் இறக்கை சுற்றுவது நிற்காது, பதறாமல் இறங்கிவிடலாம். உலகம் முழுக்க வீட்டில் பறக்கும் வண்டி கட்டுகிறவர்கள் இதைத் தேடிப் போவதற்கு அதுதான் காரணம். இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. சாவு வீட்டிலேயே ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

மாமா என் அக்காவின் கணவர். ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். நான் இருப்பது மலேசியத் தென்கோடியில், ஜொகூர் பாருவில். தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய், ஒரு விமானப் பழுதுபார்ப்புக் கூடத்தில் வேலை செய்கிறேன். விமானத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கம்பிகள், அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், அவை என் பொறுப்பு. அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒரே மகள், கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று. மாமாவின் உயிர் அங்கேதான் இருந்தது.

அவர் முதலில் கட்டப் பார்த்தது ஹெலிகாப்டர்தான். பழைய கார் இஞ்சின், ஆலையில் கழித்துப்போட்ட கியர் பெட்டி, இரும்புக் குழாய். கொட்டகைக்கு வெளியே சிமெண்டுக் கட்டையில் சங்கிலி போட்டுக் கட்டி ஓட்டிப் பார்த்தார். அது எழும்பவில்லை. ஆனால் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக் கூரைத் தகரம் இரண்டு கழன்று விழுந்தது. மாமா தகரத்தைத் தானே ஏறி மாட்டிக் கொடுத்துவிட்டு, இரும்பையெல்லாம் பிரித்து ஓரமாக அடுக்கினார். சோர்ந்து போவார் என்று நினைத்தேன். மறுவாரம் எனக்கு போன் செய்து, “மச்சான், இஞ்சின் சுத்தாம தானா சுத்துற ஒன்னு இருக்கு லா, நீ கேள்விப்பட்டிருக்கியா?” என்றார்.

அவருக்குப் பள்ளிப் படிப்பு அதிகமில்லை. ஆனால் ஜைரோவைப் பற்றி அவர் படித்த மாதிரி எங்கள் கூடத்தில் யாரும் எதைப் பற்றியும் படித்து நான் பார்த்ததில்லை. எங்கெங்கோ உள்ள நாடுகளில் வீட்டில் கட்டியவர்கள் எழுதிவைத்ததை, போனில் மொழிபெயர்த்துப் படித்தார். அதில் பறந்தவர்களின் கதையைவிட விழுந்தவர்களின் கதையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். ஆரம்பத்தில் ஆட்கள் கட்டிய ஜைரோக்களில் வாலில் படுக்கைவாட்டுத் தகடு கிடையாது. இஞ்சின் மேல்மட்டத்தில் இருந்து முன்னால் தள்ளும், ஆள் அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பான். ஒரு நொடி மூக்கு கவிழ்ந்தால் இஞ்சின் அப்படியே குப்புறத் தள்ளிவிடும். அப்படிப் பல பேர் செத்த பிறகுதான் வாலுக்குத் தகடு வந்தது, இருக்கை மேலே ஏறியது. மாமா இதைப் படித்ததும், முக்கால்வாசி முடிந்திருந்த சட்டத்தை அறுத்துப் பிரித்தார். இருக்கையை உயர்த்தி, வாலில் தகடு வைத்து, மறுபடியும் முதலிலிருந்து கட்டினார். ஐந்து மாத வேலை. கிறுக்கன் என்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அனுமதி வாங்கவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. வாங்கியிருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்து மறுநடவு செய்திருந்தார்கள். புதுக் கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. நடுவே நேரான செம்மண் சாலை. தோட்ட மேனேஜர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். கன்றுகள் வளர்ந்துவிட்டால் இந்த இடமும் போய்விடும் என்பதால் மாமாவுக்கு ஒரு அவசரம் எப்போதும் இருந்தது.

இஞ்சின் வைப்பதற்கு முன்னால், வெறும் சட்டமும் இறக்கையுமாக அதைக் கயிற்றில் கட்டி, நான் காரால் இழுத்தேன். மாமா உட்கார்ந்து பழகினார். முதலில் முழ உயரம், அப்புறம் ஆள் உயரம். அந்த நாட்களில்தான் ஒரு காரியம் நடந்தது. அப்போது அது ஒன்றுமே இல்லை.

அக்கா பிளாஸ்கில் டீ கொண்டுவந்தாள். ஜைரோவை அவள் அதற்கு முன் தொட்டதில்லை. எம்பி நின்று மேல் இறக்கையின் நுனியைத் தொட்டாள். அது தராசுத் தட்டுப் போல ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்தது. அக்கா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“என்னங்க, இது ஆடுதே. சரியா மாட்டலையா?”

மாமா சிரித்தார். “அது ஆடணும்மா. ஆடாட்டிதான் ஆபத்து.”

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. “அக்கா, நீ டீயை ஊத்து. ஆடுறத நாங்க பாத்துக்கிறோம்,” என்றேன். மாமா இன்னும் பலமாகச் சிரித்தார், நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்துவிட்டுத்தான் டீ ஊற்றினாள். அதற்குப் பிறகு ஜைரோவைப் பற்றி அவள் எங்களிடம் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இறக்கை ஆடத்தான் வேண்டும், உண்மை. சுற்றும்போது முன்னால் போகும் பக்கத்துக்குத் தூக்கும் விசை அதிகம், பின்னால் வரும் பக்கத்துக்குக் குறைவு. ஆடி ஆடித்தான் அது சமன் செய்துகொள்ளும். ஆனால் அதற்குக் கீழே இருப்பது எதுவும் ஆடக்கூடாது. ஓட்டுகிறவரின் கைப்பிடியிலிருந்து இரண்டு கம்பிகள் நடுத்தூணை ஒட்டி மேலே போகும். அவை இறக்கையின் தலையை இப்படியும் அப்படியும் சாய்க்கும். ஏறுவது, இறங்குவது, திரும்புவது எல்லாம் அந்த இரண்டு கம்பிகளில்தான். அவற்றின் மேல் முனை ஒவ்வொன்றையும் ஒரு போல்ட், ஒரு நட்டு பிடித்திருக்கும். ஆள் உயரத்துக்கு மேலே, தலையை அண்ணாந்தால் தெரியும் இடத்தில்.

எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. கட்டுப்பாட்டுக் கம்பியில் ஒருவன் வேலை செய்தால் அவனே அதைச் சரி என்று சொல்லக்கூடாது. இரண்டாவது ஆள் வந்து தனியாகப் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் கண்ணால் இல்லை. தொட வேண்டும், பிடித்து இழுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவன் நான்தான். கண்ணை நம்பாதே, கண் எதிர்பார்த்ததைத்தான் பார்க்கும் என்று வருடத்துக்கு எத்தனையோ தடவை சொல்கிறேன்.

மாமா இந்த விதியைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார். “ஒங்க ஹேங்கர்ல எப்படியோ அப்படியே இங்கயும் பண்ணணும் மச்சான். ஒன்னு கொறையக்கூடாது.” நீள நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் போல்ட்டுகளை வரிசையாக எழுதினார். எதிரே இரண்டு கட்டம். இடது கட்டம் அவருக்கு, வலது கட்டம் எனக்கு. முடுக்கி முடித்த நட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு போட வேண்டும், நட்டு திரும்பினால் கோடு பிசகிக் காட்டிக்கொடுத்துவிடும் என்றேன். கூடத்தில் அதற்கென்று தனிச் சாயம் இருக்கிறது. மாமா அக்காவிடம் சொல்லிச் சிவப்பு நகச்சாயம் வாங்கிவரச் செய்தார். நகச்சாயம் பூசிப் பழக்கமில்லாத அக்கா, கடையில் அதை வாங்கக் கூச்சப்பட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஜைரோ முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள்.

இஞ்சின் வைத்தோம். மாமா பறந்தார். பெரிதாக ஒன்றுமில்லை. செம்மண் சாலைக்கு மேலே நேராகப் போய், அகலமாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வருவார். சில மாதங்கள் அப்படிப் போனது. ஒவ்வொரு தடவையும் நான் வந்து, ஸ்டூலில் ஏறி, இழுத்துப் பார்த்து, வலது கட்டத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இஞ்சினைக் கிளப்புவார். நான் வர முடியாத வாரம் அவர் பறக்கவில்லை. அப்படிப்பட்ட ஆள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை, கைப்பிடியில் லேசான ஆட்டம் தெரிகிறதென்று வலப்பக்கக் கம்பியின் மேல் முனையில் இருந்த சின்ன பேரிங்கை மாமா மாற்றினார். புதிய பேரிங்கை வைத்து, போல்ட்டைப் போட்டு, நட்டை விரலால் சுற்றினார். இந்த நட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. விரலால் சுற்றினால் அந்த வளையம் வரைதான் போகும். அதற்கு மேல் ஸ்பேனர் வேண்டும், கடைசியில் சரியான அளவுக்கு இறுக்கிக் காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். சரியாக அந்த நேரத்தில் அக்கா சாமான்களைக் கேட்டாள். பூஜைக்கு வைக்கக் கழுவித் துடைக்க வேண்டும், இருட்டுவதற்குள் கொடுங்கள் என்று. மாமா ஸ்பேனர்களையும் டார்க் ரெஞ்சையும் பொறுக்கிக் கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தெரிந்துகொண்டது.

மறுநாள் பூஜை. அன்று சாமான்களைத் தொடக்கூடாது. ஆலையிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். வருடம் முழுக்க உழைக்கும் சாமான்களுக்கு ஒரு நாள் ஓய்வு. டார்க் ரெஞ்ச் சாமி படத்துக்கு முன்னால் மாலை போட்டுப் படுத்திருந்தது. நான் மதியம் போய்ச் சேர்ந்தபோது அக்கா எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தாள். தையல் மெஷின், மோட்டார் சைக்கிள், அரிசி குக்கர், அப்புறம் ஜைரோ. அதில் ஒரு நட்டு விடவில்லை. கொட்டகையில் இருந்த ஸ்டூலில் ஏறி நின்று தூண் உச்சி வரை பொட்டு வைத்திருந்தாள். மாமா பெருமையாகக் காட்டினார். “பாத்தியா மச்சான், ஒங்க சிங்கப்பூர் ஃபிளைட்டுக்குக்கூட இப்படி ஒரு அலங்காரம் கெடச்சிருக்காது.” பொரியும் கடலையும் சாப்பிட்டோம். மாமா முடிக்காத வேலை ஒன்று மேலே இருப்பது அவர் நினைவிலும் இல்லை. ஒரு நாள் இடைவெளி போதும், மனிதன் மறந்துவிடுவான். எங்கள் கூடத்தில் இதற்கும் ஒரு விதி உண்டு. பாதியில் விட்ட வேலையில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அதை நான் மாமாவுக்குச் சொல்லவே இல்லை.

அதற்கு மறுநாள் விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் விளங்கும் நாள். சாமான்களைப் பூஜையிலிருந்து எடுத்துத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, காலையிலேயே ஜைரோவைச் சாலைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அக்கா வரவில்லை. அவள் எப்போதுமே பறப்பதைப் பார்க்க வரமாட்டாள்.

சாலைக்குப் போன பிறகுதான் ஸ்டூலைக் கொண்டுவரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் போய் எடுத்துவரப் பத்து நிமிடம் ஆகும். காற்று எழும்புவதற்குள் பறந்து முடிக்க வேண்டும். நான் கீழே உள்ளதையெல்லாம் தொட்டேன், இழுத்தேன். சக்கரம், இருக்கை, கைப்பிடி, வால், எல்லாவற்றையும். தூண் உச்சியை அண்ணாந்து பார்த்தேன். இரண்டு நட்டுகளும் சிவப்பாகத் தெரிந்தன. நட்டும் இருந்தது, சிவப்பும் இருந்தது. முழங்காலில் நோட்டுப் புத்தகத்தை வைத்து வலது கட்டங்களில் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனேன். மாமாவின் இடது கட்டங்களைப் பார்க்கவில்லை.

“எல்லாம் பாத்தாச்சா?” என்றார் மாமா.

“பாத்தாச்சு மாமா.”

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி மேல் இறக்கையைத் தள்ளித் தள்ளிச் சுற்றிவிட்டார். இஞ்சின் பிடித்தது. சாலையில் ஓடி, எழும்பினார். முதல் வட்டம் நன்றாகப் போனது. என்னைத் தாண்டும்போது இடது கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டாவது வட்டத்தில், கன்றுகளுக்கு மேலே திரும்பும்போது, ஜைரோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்துவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. சாய்ந்தபடியே போய், பெரிய வடிகாலின் கரையில் விழுந்தது. சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் எனக்குக் கேட்டது.

ஓடினேன். கன்றுகளின் முள் காலைக் கிழித்தது பிறகுதான் தெரிந்தது. மாமா இருக்கை வார்க்கட்டிலேயே இருந்தார். கண் திறந்திருந்தது. உயிர் இல்லை. அதை எழுதாமல் விட முடியாது, அதற்கு மேல் எழுதவும் முடியாது.

அடுத்து நான் செய்தது இன்னும் கேவலம். மாமாவைத் தொட்ட அதே கையால் இறக்கையின் தலைப்பகுதியைத் தடவினேன். வலப்பக்கக் கம்பி தனியே தொங்கியது. துளையில் போல்ட் இல்லை. முறியவில்லை, தெறிக்கவில்லை. நழுவி விழுந்திருக்கிறது. துளையின் விளிம்பு பளபளவென்று சுத்தமாக இருந்தது. மற்ற நட்டுகளின் மேல் நகச்சாயக் கோடும் இருந்தது, அதன் மேல் அக்கா வைத்த பொட்டும் இருந்தது. அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கழன்று விழுந்த அந்த ஒரு நட்டில் கோடு இருந்திருக்கவில்லை. இருந்தது பொட்டு மட்டும். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே சிவப்பு.

சாலைக்குத் திரும்பி நடந்து, சாமான் பெட்டியின் மேல் கிடந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் உதவி கேட்டுப் போன் செய்தேன்.

காவல் நிலையத்தில் சார்ஜன்ட் மலாய்க்காரர், மரியாதையான மனிதர். குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “சியாபா பெரிக்சா?” என்றார். யார் பரிசோதித்தது என்று. “டியா செண்டிரி,” என்றேன். அவரேதான். சட்டைக்குள் நோட்டுப் புத்தகத்தின் முனை விலாவில் குத்திக்கொண்டிருந்தது. சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். அவர் எழுதியது ஆலைக்குப் போனது, கோயிலுக்குப் போனது, ஊர் முழுக்கப் போனது.

அக்காவுக்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொட்டைப் பற்றிச் சொன்னால் தன் கையால் புருஷனைக் கொன்றதாக நினைத்துக்கொள்வாள், அதைத் தாங்கமாட்டாள் என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காவல் நிலையத்தில் என் மனதில் அக்கா இல்லை. கூடத்தில், வேலை சரி என்று கையெழுத்துப் போட எனக்கிருந்த உரிமை இருந்தது. அது போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்தில் பெண்கள் அக்காவை நடுவில் உட்காரவைத்து, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் இட்டு, பிறகு அதை அழித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் நான், தம்பி. நான் கொட்டகைப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். “நல்ல மனுஷன்தான் லா. ஆனா கவனம் பத்தாது.” நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு வருடம். நான் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் போய் அக்காவைப் பார்த்தேன், அரிசி பருப்பு வாங்கிப் போட்டேன், குழாய் ரிப்பேர் செய்தேன். காவல்துறை திருப்பிக் கொடுத்த ஜைரோவின் மிச்சத்தைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அக்கா கூடாது என்றுவிட்டாள். கொட்டகையில் அது கிடந்தது. அவள் அங்கே போய் உட்கார்ந்திருப்பதாக மகள் போனில் சொல்லி வருத்தப்பட்டாள். அக்கா மெலிந்துகொண்டே வந்தாள். மாமா கவனம் இல்லாமல் செத்தார் என்ற பேச்சுதான் அவளை அரிக்கிறது என்று நினைத்தேன். அதை நிறுத்த என்னால் முடியும் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

இந்த வருட ஆயுத பூஜைக்கு அக்காவே போன் செய்தாள். “தம்பி, வந்து அவரு சாமானுக்கெல்லாம் பொட்டு வச்சிட்டுப் போ. நான் வைக்கக்கூடாதாம், சொல்றாங்க.”

போனேன். நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்து எடுத்தேனா என்று கேட்டால் தெரியாது. எடுத்துப் பையில் போட்டேன், அவ்வளவுதான். கொட்டகையில் அக்கா பாய் விரித்து மாமாவின் சாமான்களைத் துடைத்து அடுக்கியிருந்தாள். குங்குமத் தட்டை என் கையில் கொடுத்தாள். முதலில் டார்க் ரெஞ்ச். குனிந்து விரலைக் குங்குமத்தில் வைத்தேன். வைத்த விரலை எடுக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழுகை என்றால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அழுகை இல்லை. மாடு மாதிரி கத்தினேன்.

நான் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தாள். வலப்பக்கக் கம்பி, மேல் போல்ட் என்ற வரியில் விரல் நின்றது.

“இவரு கட்டம் காலியா இருக்கே.”

“ஆமாக்கா. மாமா முடிக்கல. முடிக்கலன்னுதான் கையெழுத்துப் போடாம வச்சிருந்தாரு.”

“ஒன் கையெழுத்து இருக்கு.”

“நான் ஏறிப் பாக்கலக்கா. ஸ்டூல் இல்ல. கீழருந்து பாத்தேன். செவப்பா இருந்துச்சு. மாமா போட்ட கோடுன்னு நெனச்சிட்டேன்.”

சொல்லக்கூடாது என்று ஒரு வருடம் காத்ததைச் சொல்லிவிட்டேன். சிவப்பு என்ற பிறகு மீதியை அவளே சேர்த்துக்கொள்வாள். என்னை அடிப்பாள், அல்லது தலையில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

“பொட்டு வைக்கிறப்ப நான் அந்த நட்டத் தொட்டேன், தம்பி,” என்றாள். “விரல் பட்டதும் ஆடுச்சு.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு. அது மட்டும் லொடலொடன்னு ஆடுச்சு. அவரக் கூப்பிடலாம்னு நெனச்சேன். அன்னைக்கு ரெக்கை ஆடுதுன்னு சொன்னதுக்கு ரெண்டு பேரும் சிரிச்சீங்கள்ல? இதுவும் ஆடணும் போலன்னு பொட்ட வச்சிட்டு எறங்கிட்டேன்.”

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளில் போனார்கள். அக்கா நோட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நட்டைத் தொட்டுப் பார்த்த கடைசி ஆள் அவள்தான். பரிசோதனை என்று எதை நான் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறேனோ அதைச் செய்தவள் அவள் ஒருத்திதான். ஒரு வருடமாக இந்தக் கொட்டகையில் அவள் உட்கார்ந்து யோசித்தது ஊர்ப் பேச்சை இல்லை.

“அது ஆடக்கூடாதா, தம்பி?” என்றாள்.

ஆடலாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல எனக்குத் தெரியும் என்பதுதான் நிரூபணமாகிவிட்டதே. ஆனால் அவள் என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். கேட்டால் சிரிப்பார்கள் என்று ஒரு தடவை கேட்காமல் விட்டவள், இப்போது கேட்டாள்.

“ஆடக்கூடாதுக்கா,” என்றேன்.